நாநயமும் நாணயமும்: காசு விற்பனைக் குறிப்புகளின் கதை

வணிகம் செய்வோருக்கு நாநயமும் வேண்டும், நாணயமும் வேண்டும் என்பது நம் கடைத்தெருக்களில் நெடுநாளாக வழங்கிவரும் பேச்சு. ஒலியில் ஒரே சாயல் கொண்ட இவ்விரு சொற்களுள் பின்னதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் புரளும் காசும் நாணயம்தான். சொன்ன சொல் பிறழாத ஒழுக்கமும் நாணயம்தான். பழங்காசு விற்போர் எழுதும் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரட்டைப் பொருள் நம் நினைவில் எழுவதுண்டு.

இணைய ஏலத்தில் காசை வாங்குபவர் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கல்லில் உரைத்துப் பார்ப்பதில்லை. தரையில் சுண்டி ஓசை கேட்பதில்லை. விற்பவரின் முகத்தையும் அவர் அறியார். இருவருக்கும் இடையே இருப்பவை இரண்டு படங்களும் பத்துப் பன்னிரண்டு வரிகளும் மட்டுமே. அந்த வரிகளை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. அவ்வரிகளுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைச் சற்றே பின்தொடர்ந்து சென்று, ஒரு காசைப் பற்றி எழுதுவது என்றால் என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

வண்ணக்கரும் வாசிபடாக் காசும்

காசின் தரத்தை ஆராய்ந்து சொல்வதையே தொழிலாகக் கொண்டோர் தமிழ்நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே இருந்தனர். சங்கப் புலவர் பெயர்களை மனப்பாடம் செய்த மாணவர்களுக்கு வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்னும் பெயர்கள் நினைவிருக்கும். வண்ணக்கன் என்ற சொல்லுக்கு நாணயம் நோட்டம் பார்ப்பவன் என்று பொருள் கூறுவர். காசை ஆராய்ந்தவரே சொல்லையும் ஆராய்ந்து பாடினார் என்பது எண்ண இனிமையானது. ஆயினும் நம் கருத்துக்கு வேண்டியது வேறு. காசைக் கண்ணால் கண்டு அதன் தரத்தைச் சொல்லால் உரைக்கும் ஒருவர் இல்லாமல் அந்நாளிலும் சந்தை நடக்கவில்லை என்பதே அது.

சோழர் காலக் கல்வெட்டுகளுக்கு வந்தால் இச்சொற்கள் பெருகிக் கிடப்பதைக் காணலாம். கோயிலில் விளக்கெரிக்க முதல் வைப்பவர், நிலம் விற்பவர், கடன் வாங்கும் ஊர்ச்சபையார் ஆகிய எல்லோரும் வெறுமனே இத்தனை காசு என்று எழுதி நிறுத்தவில்லை. அன்றாடு நற்காசு என்றார்கள். அதாவது அன்றைக்குச் செலாவணியில் உள்ள நல்ல காசு. வாசிபடாத காசு என்றார்கள். வட்டம் தள்ளாமல் முழு மதிப்புக்கும் ஏற்கத்தக்கது என்பது பொருள். தீப்போக்குச் செம்பொன் என்றால் நெருப்பிலிட்டுச் சோதித்த பொன். துளை என்பது மாற்று. நிறை என்பது எடை. மதுராந்தகன் மாடையை அளவுகோலாக வைத்து, அதனோடு துளையும் நிறையும் ஒத்த பொன் என்று எழுதிய சாசனங்களும் உண்டு.

இவை அலங்காரச் சொற்கள் அல்ல. நூறாண்டு கழித்து யாரோ ஒருவர் படித்தாலும் எந்தக் காசு, என்ன தரம் என்பதில் வழக்கு எழக்கூடாது என்பதற்காகக் கல்லில் பொறிக்கப்பட்டவை. இன்றைய விற்பனைக் குறிப்பில் நாம் எதிர்பார்க்கும் மூன்று செய்திகளான உலோகம், எடை, நிலை ஆகியவை அவற்றில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஏட்டில் ஏறிய ஏலம்

ஏலம் என்ற சொல் போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்தது. காசைச் செலாவணிப் பொருளாகக் கருதாமல் பழம்பொருளாகக் கருதி ஏலம் விடும் வழக்கமும் ஐரோப்பாவில்தான் செழித்தது. புகழ்பெற்ற மருத்துவரான ரிச்சர்டு மீடின் காசுத் தொகுப்பு அவர் மறைந்த மறு ஆண்டான 1755-இல் இலண்டனில் ஏலம் விடப்பட்டது. அத்தகைய ஏலங்களுக்கு முன்னதாகப் பட்டியல்கள் அச்சிடப்பட்டன. தொடக்கத்தில் ஒரு காசுக்கு ஒரு வரி கூடக் கிடைக்காது; ‘ரோமானிய வெள்ளிக் காசுகள், பன்னிரண்டு’ என்ற அளவில் பட்டியல் முடிந்துவிடும். ஏலக்கூடத்துக்கு நேரில் வந்து கையிலெடுத்துப் பார்க்கக்கூடியவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வாங்குவோர் தொலைவிலிருந்து அஞ்சல் வழியே கேட்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. பார்க்காதவருக்குப் பார்த்தவர் சொல்ல வேண்டியதாயிற்று. வரிகள் நீண்டன. எந்த அரசன், எந்தத் தங்கச்சாலை, எழுத்துகளின் வாசகம் என்ன, முன்பு யார் தொகுப்பில் இருந்தது என்பனவெல்லாம் இடம்பெற்றன. செதுக்கோவியங்கள் வந்தன. பின்னர், காசை மாவுக்கட்டில் பதித்து அந்த வெண்ணிற அச்சைப் புகைப்படம் எடுத்து அச்சிடும் முறை வந்தது. உலோகத்தின் பளபளப்பு கண்ணை ஏமாற்றும் என்பதால், நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் காட்டிய அம்முறையை இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் கைவிடவில்லை. அந்நாளைய நல்ல ஏலப்பட்டியல்களை இன்று நாணயவியல் அறிஞர்கள் ஆய்வு நூல்களுக்கு இணையாக அலமாரியில் வைத்திருக்கிறார்கள். விற்பதற்காக எழுதியவை வரலாற்றுக்குச் சான்றாயின.

பொய்யும் உடன் வளர்ந்தது. ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில் வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) பழங்காலக் காசுகளுக்குத் தாமே அச்சு வெட்டிப் போலிகளை உருவாக்கியவர். புதிதாக அடித்த காசுகளை இரும்புத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த பெட்டியில் இட்டு, அதைத் தம் குதிரை வண்டியின் அடியில் கட்டித் தெருத்தெருவாக ஓட்டிச் சென்றார் என்று சொல்வார்கள். சில நாள் குலுங்கியதில் காசுகளுக்கு ஆயிரம் ஆண்டு முதுமை வந்துவிடும்! கையில் எடுத்துப் பார்த்தவர்களே ஏமாந்த காலம் அது. பார்க்காமல் வாங்குபவர் எம்மாத்திரம்?

எழுபது படிகள்

காசின் நிலையைச் சொல்லும் சொற்களும் சிக்கலாயின. நன்று, மிக நன்று, சிறந்தது என்றெல்லாம் விற்பவர் எழுதுவார். ஒருவருடைய சிறந்தது மற்றவருக்கு நன்று கூட ஆகாது. இதற்கு எண்ணால் விடை காண முயன்றவர் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன். அவர் தொழிலால் உளவியலாளர். 1949-இல் வெளியான தமது நூலில், அமெரிக்காவின் தொடக்ககாலப் பெருஞ் செப்புச் சென்ட் காசுகளுக்கு ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். அடையாளம் தெரியும் அளவுக்கு மட்டுமே மிஞ்சிய தேய்ந்த காசுக்கு ஒன்று. குறையே இல்லாத காசுக்கு எழுபது. ஒன்றாம் படியில் உள்ளது ஒரு டாலர் என்றால் எழுபதாம் படியில் உள்ளது எழுபது டாலர் பெறும் என்பது அவருடைய கணக்கு.

விலைக் கணக்கு விரைவில் பொய்த்தது. படிகள் மட்டும் நிலைத்துவிட்டன. 1970-களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் இம்முறையை மற்றக் காசுகளுக்கும் விரித்தது. 1986-இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும் 1987-இல் என்.ஜி.சி. நிறுவனமும் தோன்றி, காசைத் தரம் பார்த்து எண்ணுடன் பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடித் தரும் வழக்கத்தைப் பரப்பின. விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர், பழைய வண்ணக்கரைப் போல, இடையில் வந்து நின்றார் எனலாம்.

ஷெல்டனின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த உயர்ந்த செப்புக்காசுகளை எடுத்துக்கொண்டு அவற்றின் இடத்தில் தாழ்ந்த காசுகளை அவர் வைத்துவிட்டார் என்பது, 1977-இல் அவர் மறைந்த பின்னரே வெளிப்பட்டது. அக்காசுகளை மீட்கக் கழகம் வழக்காட வேண்டியிருந்தது. காசின் தரத்தை எழுபது படிகளாகப் பகுத்தவருக்கு நாணயத்தின் இன்னொரு பொருள் வசப்படவில்லை. மாற்றம் எவ்வாறு தெரியவந்தது என்பதே நம் கட்டுரைக்கு முக்கியம். பழைய படங்களும் பழைய குறிப்புகளும் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டபோது, பெட்டியில் இருந்த காசு வேறு என்பது புலப்பட்டது. ஒழுங்காக எழுதிவைத்த குறிப்பு, காசே களவு போனாலும் சாட்சி சொல்கிறது.

திரையில் ஏறிய ஏலம்

1995 செப்டம்பரில் கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் தொடங்கிய இணைய ஏலத்தளம் 1997-இல் ஈபே என்னும் பெயரைப் பெற்றது. அதில் முதலில் விலைபோனது பழுதான லேசர் சுட்டி ஒன்று, விலை 14.83 டாலர். பழுதானது என்று சொல்லியே விற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. முன்பின் அறியாதார் இருவர் எவ்வாறு ஒருவரையொருவர் நம்புவது என்ற கேள்விக்கு, விற்றவரையும் வாங்கியவரையும் பற்றிப் பிறர் அறியக் கருத்து எழுதும் பின்னூட்ட முறை 1996-இல் விடையாக வந்தது. இந்தியாவில் பாஸி டாட் காம் என்ற தளத்தை 2004-இல் ஈபே வாங்கியது. அதன் இந்தியக் கிளை 2018-இல் மூடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பல சேகரிப்பாளர்கள் முதன்முதலாக விற்பனைக் குறிப்பு எழுதப் பழகியது அங்கேதான்.

பழங்காசு ஏலங்கள் பொருளியலாளரின் கவனத்தையும் ஈர்த்தன. ஒரே வகைக் காசு மீண்டும் மீண்டும் விற்கப்படுவதால் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதை அளக்க முடிகிறது. டேவிட் லக்கிங்-ரைலியும் நண்பர்களும் 1999-இல் ஈபேயில் நடந்த 461 ஏலங்களை ஆராய்ந்தனர். அனைத்தும் இந்தியன் ஹெட் எனப்படும் அமெரிக்கச் சென்ட் காசுகள். 2007-இல் அச்சேறிய அவர்களின் கட்டுரை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. நீண்ட நாள் நடந்த ஏலங்களில் விலை கூடியது. விற்பவரின் நற்பெயர் விலையை ஏற்றியதைவிட, அவர்மீது விழுந்த குறைக்கருத்து விலையை இறக்கியது மிக அதிகம். நூறு பேர் நல்லவர் என்று சொல்லிச் சேர்த்ததைச் சிலரின் குறைச்சொல் கரைத்துவிடும் என்பது நம் ஊர் மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்ததே.

பஜாரி, ஹோர்ட்டாச்சு ஆகிய இருவர் 1998-இல் நடந்த அமெரிக்கக் காசுத்தொகுதி ஏலங்களை ஆராய்ந்து 2003-இல் எழுதிய கட்டுரை இன்னொரு கோணத்தைக் காட்டியது. பொருளின் உண்மை மதிப்பு தெளிவாகத் தெரியாத ஏலத்தில், மற்றவரைவிட மிகையாக மதிப்பிட்டவரே வெல்கிறார். வென்றபின் அதிகம் கொடுத்துவிட்டோமோ என்று வருந்துகிறார். இதை வென்றவர் சாபம் என்பார்கள். அனுபவமுள்ளவர் இதை முன்னரே அறிந்து, தம் கேள்வியைக் குறைத்தே வைக்கிறார். இதிலிருந்து விற்பவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. குறிப்பு மங்கலாக இருந்தால் வாங்குபவர் ஐயத்துக்கு ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே கேட்பார். கல்வெட்டு மொழியில் சொன்னால், அந்தக் காசு வாசிபடுகிறது. தெளிவாக எழுதுவது அறம் மட்டுமன்று, ஆதாயமும் ஆகும்.

சென்னைக்கு வந்துசேராத காசு

எப்படி எழுதுவது என்பதை ஒரு காசைக் கொண்டே பார்ப்போம். அட்மிரல் கார்ட்னர் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், சென்னை மாகாணத்துக்கென்று அடிக்கப்பட்ட செப்புக்காசுகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 1809 ஜனவரியில் வீசிய புயலில் சிக்கி, கெண்ட் கடற்கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. காசுகள் பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ தங்கச்சாலையில் நீராவி இயந்திரத்தால் அடிக்கப்பட்டவை, ஆண்டு 1808. ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்குப் பின், 1980-களில் முக்குளிப்போர் அவற்றைப் பெருந்தொகையாக வெளியே எடுத்தனர். நம் முன்னோரின் மடிச்சுருக்கில் புரண்டிருக்க வேண்டியவை சேகரிப்பாளரின் பேழைக்குச் சென்றன. இணைய ஏலங்களில் இன்றும் அடிக்கடி காணக் கிடைக்கின்றன.

அவற்றுள் இருபது காசு மதிப்புள்ளதை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் கம்பெனியின் சின்னமும் ஆண்டும். சின்னத்தின் கீழ், இங்கிலாந்து அரசர், நாடாளுமன்றம் ஆகியோரின் ஆதரவில் என்று பொருள்படும் இலத்தீன் வாசகம். பின்பக்கத்தில், இருபது காசு நான்கு ஃபுலூஸ் ஆகும் என்று பாரசீகத்தில்; அதன்கீழ் உரோமன் எண்ணில் இருபதும் ஆங்கிலத்தில் காசும். அந்த ஆங்கிலச் சொல்லே நம் காசு என்னும் சொல் போர்ச்சுகீசியர் வாய்வழிப் போய்த் திரும்பி வந்தது. அன்றைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆகவே இது கால் பணம்.

இக்காசுக்கு வழக்கமாகக் கண்ணில் படும் குறிப்பு இத்தகையது: ‘மிக மிக அரிய கப்பல் புதையல் காசு! 200 ஆண்டுப் பழமை! அருமையான நிலை! இனி கிடைக்காது!’ இதில் ஒரு சொல் கூட வாங்குபவருக்குப் பயன்படாது. பழமை காசிலேயே எழுதியிருக்கிறது. அரியது என்பதோ உண்மைக்கு மாறு; கடலிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த காசு அது. அருமையான நிலை என்பது விற்பவரின் மகிழ்ச்சியைச் சொல்கிறதே ஒழியக் காசின் நிலையைச் சொல்லவில்லை.

அதே காசுக்கு நாம் விரும்பும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

‘கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை மாகாணம். இருபது காசு, 1808. செம்பு. சோஹோ தங்கச்சாலை, பர்மிங்காம். எடை 9.2 கிராம், குறுக்களவு 30.5 மி.மீ. ஆண்டும் பாரசீக எழுத்துகளும் முழுமையாகப் படிக்க முடிகின்றன. சின்னத்தின் மேடான பகுதிகளில் இலேசான தேய்வு. பின்பக்கத்தில் இடப்புறம் உப்புநீர் அரித்த புள்ளிகள். விளிம்பில் ஒரு சிறு தட்டு. இரண்டையும் மூன்றாம் படத்தில் காண்க. விற்பவர் இதைத் துலக்கவில்லை. முன்பு துலக்கப்பட்டதா என்பது தெரியாது. அட்மிரல் கார்ட்னர் கப்பலிலிருந்து வந்திருக்கலாம் என்பது அரிப்பைக் கண்டு கொண்ட ஊகம், சான்றுத்தாள் இல்லை.’

இக்குறிப்பின் உயிர் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. சான்றுள்ளது எது, ஊகம் எது என்று அவை பிரித்துக் காட்டுகின்றன. சுவடிகளைப் பதிப்பிப்போர் இந்த ஒழுக்கத்தை நன்கறிவர். ஏடு சிதைந்த இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லை இட்டு நிரப்பாமல், புள்ளியிட்டு விட்டுவிடுவது நல்ல பதிப்பாசிரியரின் மரபு. அப்புள்ளிகளே மற்றப் பக்கங்களின்மீது நமக்கு நம்பிக்கையை வரவழைக்கின்றன. காசிலும் மழுங்கிய எழுத்து மழுங்கியதாகவே எழுதப்பட வேண்டும்.

இன்னும் சில நடைமுறைச் செய்திகள். தலைப்பில் தேடுபவர் தட்டச்சிடும் சொற்களே வரவேண்டும்: வெளியிட்ட அரசு, மதிப்பு, ஆண்டு, உலோகம். ஈபேயில் 55 எழுத்துகளாக இருந்த தலைப்பின் எல்லை 2011-இல் 80 ஆயிற்று. அந்த எண்பதில் வியப்புக்குறிகளுக்குச் செலவிட இடமில்லை. படம் எடுக்கும்போது ஒளி ஒருபுறமிருந்து சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் மேடு பள்ளம் தெரியும். மேலிருந்து நேராக விழும் ஒளி தேய்வை மறைத்துவிடும். இருபக்கமும், விளிம்பும், குறையுள்ள இடமும் தனித்தனியே காட்டப்பட வேண்டும். வேறொருவர் எடுத்த படத்தை இடுவது வேறொரு காசை விற்பதற்கு ஒப்பாகும்.

புளிக்கும் இங்கே ஓரிடம் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கைப் போலச் செப்புக்காசையும் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்வது நம் வீடுகளில் இயல்பாக நடப்பது. களிம்போடு சேர்ந்து காசின் மேல்தோலும் அதில் போய்விடுகிறது. பலநூறாண்டுகள் படிந்த கருஞ்செம்மை திரும்ப வராது. அப்படித் தேய்த்த காசு தேய்க்காததைவிடக் குறைந்த விலைக்கே போகும். ஏற்கெனவே தேய்த்தாகிவிட்டால், அதைக் குறிப்பில் சொல்லிவிடுவதே முறை.

அரிசி இழுக்கும் நாணயம்

நாநயம் மட்டும் இருந்து நாணயம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே வேண்டிய அளவு சான்றுகள் உள்ளன. ஒருபக்கம் இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பெயரும் 1818, 1717, 1616 போன்ற ஆண்டுகளும் பொறித்த காசுகளைச் சந்தைகளிலும் இணையத்திலும் பலரும் கண்டிருப்பர். அவற்றைக் கம்பெனியின் எந்தத் தங்கச்சாலையும் அடித்ததில்லை. 1616-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையே கிடையாது. அதற்கான இடம் 1639-இல்தான் கம்பெனிக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் பக்தர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் விற்கச் செய்யப்பட்ட அடையாள வில்லைகள் அவை. வில்லை என்று சொல்லி விற்றால் தவறில்லை. கம்பெனிக் காசு என்று சொல்லும்போது அது பொய்யாகிறது. அரிசியை இழுக்கும் ஆற்றல் உடையது என்று சொல்லும்போது குடும்பங்களைக் கெடுக்கும் மோசடியாகிறது. இடி விழுந்த செம்பு, இரிடியம் கலந்த செம்பு என்றெல்லாம் கதை கட்டி இலட்சக்கணக்கில் பறிகொடுக்கச் செய்த வழக்குகள் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களுக்குப் புதியவை அல்ல.

இன்னொரு வகை, விற்பவரையே குறிவைப்பது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்த் தாளுக்குப் பல இலட்சம், வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த காசுக்குப் பத்து இலட்சம் என்று ஒரு செய்தி பரவும். அந்தக் காசு 2012-ஆம் ஆண்டுக்குரியது. நேற்றுவரை காய்கறிக் கடையில் சில்லறையாகக் கிடைத்தது. நம்பி அணுகுபவரிடம் பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று முன்பணம் கறக்கப்படும்; அதன்பின் தொலைபேசி எடுக்கப்படாது. இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று வெளியிட்ட அறிவிப்பில், தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திப் பழைய தாள், காசு விற்பனைக்குக் கட்டணமும் தரகும் வரியும் கேட்போரிடம் ஏமாற வேண்டாம் என்றும், தான் இத்தகைய கொடுக்கல் வாங்கலில் ஈடுபடுவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. இழப்போர் பெரும்பாலும் சேகரிப்பாளர்கள் அல்லர். பாட்டியின் சுருக்குப்பையில் ஒரு பழைய காசைக் கண்டு, மகள் திருமணத்துக்கு உதவுமே என்று எண்ணியவர்கள்.

தொலைந்துபோகும் ஊர்ப்பெயர்

பணத்தை இழந்தவர் முறையிடலாம். வரலாறு இழப்பதற்கு முறையீடே இல்லை. ஒரு காசு எந்த ஊரில், எந்த மண்ணில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பதே அதன் பெரும்பேறு. அந்த ஊர்ப்பெயர் விற்பனைக் குறிப்பில் எழுதப்படாமல் போகும் கணத்திலிருந்து அக்காசு அனாதையாகிவிடுகிறது.

சங்ககாலத் தமிழ் மன்னர் காசுகளின் கதையையே எண்ணிப் பார்க்கலாம். தினமலர் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021), பெருவழுதி என்று தமிழ் பிராமியில் எழுத்துப் பொறித்த பாண்டியர் காசை 1980-களில் அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார். குதிரையும் ஆமைகள் நீந்தும் தொட்டியும் ஒருபக்கம். மீன் கோட்டுருவம் மறுபக்கம். மாக்கோதை என்ற பெயருடைய சேரர் வெள்ளிக் காசுகளும் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தன. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தெடுத்தோர் கையிலிருந்தும், வணிகர்களிடமிருந்தும் இத்தகைய காசுகள் பல வந்தன. பழைய செம்பாக உருக்கப்பட்டிருக்க வேண்டியவை, ஆர்வலர் சிலரின் கண்பட்டதால் பிழைத்தன. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எனினும், அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கோடு கிடைக்கும் காசுக்குக் காலம் கணிப்பது போல, ஆற்று மணலிலும் வணிகர் பையிலும் கிடைத்ததற்குக் கணிக்க இயலாது. எழுத்தமைதி, எடை, உருவம் ஆகியவற்றைக் கொண்டே அறிஞர்கள் வாதிட வேண்டியிருக்கிறது. கைமாறிய ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுத்தாளில் ஊர்ப்பெயரையேனும் எழுதி உடன் வைத்திருந்தால் எத்தனை கேள்விகளுக்கு இன்று விடை கிடைத்திருக்கும்!

சட்டமும் இங்கே பேசுகிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் விற்பனையைத் தொழிலாக நடத்த உரிமம் வேண்டும். ஆகவே இந்தியாவிலிருந்து எழுதும் பழங்காசுக் குறிப்பில், நாட்டுக்குள் மட்டுமே அனுப்பப்படும் என்ற வரி கட்டாயம் இடம்பெற வேண்டும். சட்டத்துக்கு அஞ்சி ஊர்ப்பெயரை மறைப்போர் உண்டு என்பதையும் நாம் அறிவோம். மறைக்க வேண்டிய காசை விற்பனைக்குக் கொண்டுவராமல் இருப்பதே நேர்வழி. ஆட்சியரிடம் சென்ற காசு அருங்காட்சியகத்தில் ஊர்ப்பெயரோடு வாழும்.

முறையாக வந்த காசுகளை வைத்திருக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது எளியது. தந்தையோ பாட்டனோ சேர்த்துவைத்ததை விற்க நேரும்போது, அவர் அதை எங்கே, யாரிடம், எந்த ஆண்டு வாங்கினார் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். பழைய உறையில் அவர் கைப்பட எழுதியிருந்தால் அந்த உறையையும் படம் எடுத்துப் போடுங்கள். காசோடு சேர்த்து அனுப்புங்கள். ஏலம் முடிந்ததும் சில மாதங்களில் பக்கம் மறைந்துவிடும். அச்சிட்ட பழைய பட்டியல்களுக்கு வாய்த்த ஆயுள் திரையில் எழுதியதற்கு இல்லை. ஆதலால் குறிப்பையும் படங்களையும் ஒரு தாளில் அச்செடுத்து, வாங்குபவருக்கு ஒன்றும் உங்களுக்கு ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலைதான். அடுத்த கைக்குப் போகும்போது காசு தன் கதையோடு போகும்.